ஒவ்வொரு லிட்டர் டீசலுக்கும் ஆறு ரூபாய்: அப்பாவோட போட் இன்ஜினுக்கு லோன் எடுக்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க



நம்ம சேனல்ல பர்சனல் லோன் பத்தி எப்போ வீடியோ போட்டாலும், கடற்கரை மாவட்டங்கள்ல இருந்து ஒரே மாதிரி ஒரு கேள்வி வரும். "சார், எனக்கு சென்னையில வேலை. பிடித்தம் போக மாசம் 32 ஆயிரம் கைக்கு வருது. ஊர்ல அப்பா ஃபைபர் போட் வச்சிருக்காங்க. இன்ஜின் போயிடுச்சு. 1 லட்சம் லோன் எடுத்துக் கொடுக்கலாமா?" தொகை மாறும், ஊர் மாறும், கேள்வி இதுதான்.

கொடுக்கலாமா வேணாமான்னு கீழே சொல்றேன். அதுக்கு முன்னாடி நான் திருப்பிக் கேக்குறது ரெண்டு விஷயம். அந்த இன்ஜினுக்கு கடைசியா எப்போ ஆயில் மாத்தினாங்க? அந்த ஆயில் காசை யார் கணக்குல எழுதினாங்க? முதல் கேள்விக்கு "அப்பாகிட்ட கேட்டு சொல்றேன்"னு பதில் வரும். ரெண்டாவது கேள்விக்கு பெரும்பாலும் பதிலே வராது. பிரச்சனை அந்த ரெண்டாவது கேள்வியிலதான் இருக்குங்கிறது என் கருத்து.

சுருக்கமா சொல்லிடுறேன். சின்ன டீசல் இன்ஜினுக்கு ஆயில் மாத்துறது ரிப்பேர் செலவு கிடையாது. அது டீசல், ஐஸ் மாதிரி ஓட்டச் செலவு. அதை ரிப்பேர் கணக்குல வைக்கிற வரைக்கும் அது தள்ளிப் போய்கிட்டே இருக்கும். டீசல் கணக்கோட சேர்த்தா, நேரம் வரும்போது காசு கையில இருக்கும். போட் இல்லாதவங்களும் படிங்க. ஓடுற ஓட்டத்துக்குத் தேயுற எந்தப் பொருளுக்கும் இதே கணக்குதான்.

ஆயில் அங்க என்ன வேலை பாக்குது?

2004 சுனாமிக்கு அப்புறம் நம்ம கரையில கட்டுமரம் குறைஞ்சு ஃபைபர் போட் ரொம்ப அதிகமாச்சு. அதுல பல போட்டுல ஓடுறது ஒரு சிலிண்டர் டீசல் இன்ஜின், சுமார் 10 குதிரைத்திறன். இவ்வளவு சின்ன இன்ஜின்ல ஆயில் கொள்ளளவும் சின்னது, மாடலைப் பொறுத்து ஒண்ணுல இருந்து ரெண்டு லிட்டர். லாரி இன்ஜின்ல பத்து லிட்டருக்கு மேல ஆயில் இருக்கும், அழுக்கு பரவலாத் தங்கும். இங்க எல்லா அழுக்கையும் அந்த ஒண்ணு ரெண்டு லிட்டரே சுமக்கணும்.

ஆயில் உராய்வைக் குறைக்கும்னு எல்லாருக்கும் தெரியும். அதோட இன்னும் நாலு வேலை இருக்கு. பிஸ்டன் சூட்டை எடுத்துட்டு வரும். ரிங்குக்கும் சிலிண்டருக்கும் நடுவுல அடைப்பா நிக்கும். டீசல் எரியும்போது வர்ற கரியை ஒரே இடத்துல படிய விடாம தன்கிட்டயே வச்சுக்கும். எரியும்போது உண்டாகுற அமிலத்தை, ஆயில்ல கலந்திருக்கிற ரசாயனம் அடக்கி வைக்கும். கடைசி ரெண்டு வேலைக்கும் ஒரு அளவு இருக்கு. அந்த அளவு தீர்ந்துட்டா, பார்க்க ஆயில் மாதிரி இருந்தாலும் வேலை பாதிதான் நடக்கும்.

அதனாலதான் "குறைஞ்ச ஆயிலை ஊத்திக்கிட்டே இருந்தா போதும், மாத்தத் தேவையில்ல"ங்கிற பேச்சு தப்பு. மேல ஊத்தினா அளவு நிரம்பும். உள்ள இருக்கிற கரியும் அமிலமும் எங்கயும் போகாது. பேங்க் பேலன்ஸ் மைனஸ்ல இருக்கும்போது கிரெடிட் கார்டு தேய்ச்சு சமாளிக்கிற மாதிரிதான் அது.

எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை? இன்ஜின் கையேடு என்ன சொல்லுதோ அதுதான். சின்ன மெரைன் டீசல்கள்ல 100 மணி நேரம்னு போட்டிருக்கிறது உண்டு, 200, 250னு போட்டிருக்கிறதும் உண்டு. புது இன்ஜினுக்கு முதல் தடவை இன்னும் சீக்கிரம். ஓடவே இல்லைன்னாலும் வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும்.

இங்க ஒரு விஷயம் கவனிங்க. வடகிழக்குப் பருவமழைக்கு போட்டை மேட்டுல ஏத்தி வைக்கும்போது "ஓடப்போறதே இல்ல, இப்ப எதுக்கு ஆயில்?"னு கேப்பாங்க. உண்மையில அப்பதான் மாத்தணும். அமிலமும் ஈரமும் கலந்த பழைய ஆயில், இன்ஜின் நிக்கிற வாரமெல்லாம் பேரிங் மேலயே உக்காந்து அரிச்சுக்கிட்டு இருக்கும்.

மாத்துற வேலை எவ்வளவு நேரம்?

பழகின கைக்கு அரை மணியில இருந்து ஒரு மணி நேரம். நீங்க ஆபீஸ்ல உக்காந்திருக்கிற ஆளா இருந்தாலும் இதைத் தெரிஞ்சுக்கோங்க. காசு கொடுக்கிறவங்களுக்கு வேலை என்னன்னு தெரிஞ்சிருக்கணும்.

ஒண்ணு, இன்ஜினை ஒரு பத்து நிமிஷம் ஓட்டி சூடாக்கி நிறுத்தணும். சூடான ஆயில் இளகி ஓடும், அடியில இருக்கிற கசடையும் சேர்த்து இழுத்துட்டு வரும்.

ரெண்டு, அடியில இருக்கிற போல்ட்டைக் கழட்டி ஒரு டப்பாவுல வடிக்கணும். போட்டுக்குள்ளயே பொருத்தின இன்ஜினா இருந்தா அடியில டப்பா வைக்கவே இடம் இருக்காது. அதுக்கு ஆயில் அளவு பார்க்கிற குச்சி போற குழாய் வழியா, ஒரு கைப்பம்ப் வச்சு உறிஞ்சி எடுப்பாங்க.

மூணு, வந்த ஆயிலைப் பாருங்க. கறுப்பா இருந்தா பயப்படாதீங்க, டீசல் இன்ஜின்ல ஆயில் மாத்தின கொஞ்ச நேரத்துலயே கறுத்துடும். பால் கலந்த காபி நிறத்துல இருந்தா உள்ள தண்ணி போயிருக்கு. தண்ணி மாதிரி நீர்த்துப்போய் டீசல் வாசனை அடிச்சா, அளவு குறையாம ஏறியிருந்தா, டீசல் ஆயிலுக்குள்ள கசியுது. விரல்ல தேய்ச்சா மினுமினுன்னு உலோகத் துகள் தெரிஞ்சா ஏதோ ஒரு பாகம் தேயுது. இந்த மூணுல எது தெரிஞ்சாலும் அடுத்த நாள் கடலுக்குப் போகாம மெக்கானிக்கைக் கூப்பிடணும். மாசம் ஒரு தடவை நடக்கிற இந்தப் பரிசோதனை, புது ஆயிலை விடவே மதிப்பானதுன்னு நான் சொல்வேன்.

நாலு, ஃபில்டர் மாத்தணும். ரப்பர் வளையத்துல கொஞ்சம் புது ஆயில் தடவி மாட்டணும். சல்லடை மட்டும் இருக்கிற இன்ஜினா இருந்தா அதைக் கழுவணும்.

அஞ்சு, கையேட்டுல சொன்ன கிரேடு ஆயிலை, குச்சியில இருக்கிற ரெண்டு கோட்டுக்கு நடுவுல நிக்கிற மாதிரி ஊத்தணும். "கொஞ்சம் கூடவே இருக்கட்டும்"னு மேல் கோட்டைத் தாண்டக் கூடாது. அதிகமானா கிராங்க் அடிச்சு ஆயில் நுரைக்கும், நுரை ஆயில் பேரிங்கைக் காப்பாத்தாது.

ஆறு, ஸ்டார்ட் பண்ணி கசிவு இருக்கான்னு பார்த்து, நிறுத்தி, சில நிமிஷம் கழிச்சு திரும்பவும் அளவு பார்க்கணும். தேதியை ஒரு நோட்டுல எழுதணும்.

பழைய ஆயிலை கடல்ல ஊத்தக் கூடாது. 2016ம் வருஷத்து அபாயக் கழிவு விதிகள்ல உபயோகிச்ச ஆயிலும் வருது. கேன்ல சேர்த்து வச்சு, மறுசுழற்சிக்கு எடுக்கிறவங்ககிட்ட கொடுக்கணும்.

பங்குக் கணக்குல எங்க சிக்குது?

இவ்வளவு சின்ன வேலை ஏன் தள்ளிப் போகுது? அப்பாவுக்குத் தெரியாம இல்ல. இன்ஜின் சத்தத்தை வச்சே என்ன கோளாறுன்னு சொல்ற ஆள் அவர். சிக்கல் காசு பிரியுற விதத்துல இருக்கு.

மீன்பிடித் தொழில்ல மாச சம்பளம் கிடையாது, பங்கு. பாடு வித்த காசுல முதல்ல பொதுச் செலவைக் கழிப்பாங்க. டீசல், ஐஸ், சாப்பாடு. மிச்சத்துல போட்டுக்கும் வலைக்கும்னு ஒரு பங்கு ஓனருக்குப் போகும், மீதி கூட போன ஆளுங்களுக்குப் பிரியும். விகிதம் ஊருக்கு ஊர் மாறும், அமைப்பு பெரும்பாலும் இதுதான். ரிப்பேர் வந்தா அது ஓனர் பாடு.

இப்போ ஆயில் எந்தப் பக்கம்? டீசல் தினமும் வாங்குறதால அது தானா பொதுச் செலவுல விழுந்துடுது. ஆயில் மாசத்துக்கு ஒரு தடவைங்கிறதால, நிறைய இடத்துல அது "இன்ஜின் சமாச்சாரம்"னு ஓனர் தலையில போய் விழுது. மாத்த வேண்டிய அன்னைக்கு ஓனர் கையில 1,200 ரூபாய் இருக்கணும், அதுவும் பாடு நல்லா இல்லாத வாரமா இருக்கக் கூடாது. இல்லைன்னா "அடுத்த வாரம் பாத்துக்கலாம்". கடல்ல அடுத்த வாரமும் இதே மாதிரிதான் இருக்கும்.

ஒரு சி.ஏ.வா இதைப் பார்த்தா எனக்குத் தோணுறது ஒண்ணுதான். செலவு உண்டாகுறது பில் வர்ற அன்னைக்கு இல்ல, இன்ஜின் ஓடுற ஒவ்வொரு மணி நேரமும். செவ்வாய்க்கிழமை அஞ்சு மணி நேரம் ஓடினா, அந்த செவ்வாய்க்கிழமை பாட்டுல இருந்துதான் அஞ்சு மணி நேர ஆயிலுக்கான காசு வரணும். அன்னைக்கு அதைக் கழிக்காம எல்லாத்தையும் பங்கு பிரிச்சா, நீங்க லாபத்தை மட்டும் பிரிக்கல, இன்ஜினையும் கொஞ்சம் கொஞ்சமா பிரிச்சுக் கொடுத்துக்கிட்டு இருக்கீங்க.

இது புதுசா நான் கண்டுபிடிச்ச யோசனை இல்ல. வாடகைக்கு விமானம் எடுக்கிற கம்பெனிகள், பறக்கிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இவ்வளவுன்னு பராமரிப்புக்காக ஓனருக்குத் தனியா கட்டுற ஏற்பாடு ரொம்ப வருஷமா இருக்கு. இன்ஜின் ஓவர்ஹால் வரும்போது அந்தக் காசுல இருந்து எடுப்பாங்க. விமான இன்ஜினுக்கு நியாயமான கணக்கு, அப்பாவோட ஒரு சிலிண்டர் இன்ஜினுக்கும் நியாயம்தான்.

என்னை மாதிரி ஆடிட் பண்றவங்க ஒரு பாயிண்ட் எடுப்பாங்க. "எதிர்கால ரிப்பேருக்கு ப்ரொவிஷன் போட அக்கவுண்டிங் ஸ்டாண்டர்டு அனுமதிக்காதே?" ரொம்ப சரி, கம்பெனி பேலன்ஸ் ஷீட்டுல அப்படி எழுத முடியாது. ஆனா நாம பேலன்ஸ் ஷீட் போடல. பங்கு பிரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு டப்பாவுல காசு போடுறோம். அதுக்கு யாரும் தடை சொல்ல முடியாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இனி வர்ற எண்கள் எல்லாம் ஒரு உதாரணத்துக்கு நான் எடுத்துக்கிட்டது. உங்க இன்ஜினுக்கும் உங்க ஊர் விலைக்கும் மாத்திப் போட்டுக்கோங்க.

ஆயில் 2 லிட்டர், லிட்டர் 400 ரூபாய்னா 800. ஆயில் ஃபில்டர் 250. டீசல் ஃபில்டருக்குன்னு ஒரு பங்கு, வாஷர், துணி எல்லாம் சேர்த்து 150. மொத்தம் 1,200 ரூபாய். 100 மணி நேரத்துக்கு ஒரு தடவைன்னா மணிக்கு 12 ரூபாய்.

ஒரு நாளைக்கு 5 மணி நேரம், மாசத்துல 20 நாள் தொழில்னு வச்சுக்கோங்க. மாசம் 100 மணி நேரம். இன்ஜின் மணிக்கு 2 லிட்டர் குடிச்சா 200 லிட்டர் டீசல். லிட்டர் 90 ரூபாய்னு எடுத்தா 18,000 ரூபாய். அதாவது டீசலுக்கு 18,000 செலவு பண்ற போட்டுக்கு ஆயில் செலவு 1,200. பதினஞ்சுல ஒரு பங்கு.

ஒரு நாள் கணக்குல அது 60 ரூபாய். பாதி ஓனர் பங்குல, பாதி 4 ஆளுங்க பங்குலன்னு பிரிச்சா ஆளுக்கு 7 ரூபாய் 50 பைசா. ஒரு டீ காசு.

இப்போ தள்ளிப் போடுற பக்கத்தைப் பார்ப்போம். 100 மணி நேரத்துக்குப் பதிலா 300 மணி நேரத்துக்கு ஒரு தடவை மாத்துறாங்க. வருஷத்துல 10 மாசம் தொழில்னா சரியா மாத்தினா 12,000 ரூபாய், தள்ளிப் போட்டா 4,000. வருஷத்துக்கு 8,000 மிச்சம். பார்க்க நல்லாத்தான் இருக்கு.

ரிங், பேரிங் போய் இன்ஜினை இறக்கி வேலை பார்க்க 40,000 ஆகுதுன்னு வைங்க. 12 நாள் தொழில் போச்சு. செலவு போக நாளைக்கு 4,000 ரூபாய் பாடு கிடைக்கிற போட்டுன்னா 48,000 போச்சு. மொத்தம் 88,000. வருஷத்துக்கு 8,000 மிச்சம் பிடிச்சவங்களுக்கு இது 11 வருஷ மிச்சம். பதினோரு வருஷத்துல ஒரே ஒரு தடவை ஆயிலால இன்ஜின் படுத்தாலும் மொத்த சேமிப்பும் காலி.

ஆளுங்க பக்கமும் பாருங்க. தினம் 7.50 கொடுத்தா வருஷத்துக்கு 1,500 ரூபாய். அந்த 12 நாள் நின்னா ஒவ்வொருத்தருக்கும் 500 வீதம் 6,000 ரூபாய் போச்சு. நாலு வருஷம் கொடுத்திருக்க வேண்டிய காசு பன்னிரண்டு நாள்ல போகுது. ஆயில் ஓனர் பிரச்சனை மட்டும்னு சொல்றவங்களுக்கு இதுதான் பதில். இன்ஜின் நின்னா சம்பாத்தியம் போறது அஞ்சு வீட்டுக்கும்.

இன்னொரு செலவு இந்தக் கணக்குல வரவே இல்ல. அந்த 40,000 எங்க இருந்து வரும்? பல கரையில மீன் வியாபாரிகிட்ட முன்பணம் வாங்குவாங்க. வட்டின்னு பேர் இருக்காது. பதிலுக்கு பாடு முழுக்க அவர் மூலமாத்தான் ஏலம் போகணும், அவர் கமிஷன் பிடிப்பார். அந்தக் கடன் அடையுற வரைக்கும் நல்ல விலை கொடுக்கிறவங்ககிட்ட விக்கிற சுதந்திரம் கிடையாது. இந்த விலை எந்த நோட்டுலயும் எழுதப்படாது.

இல்லைன்னா நீங்க லோன் எடுப்பீங்க. 1 லட்சம், 14 சதவீதம், 3 வருஷம்னா இஎம்ஐ சுமார் 3,418 ரூபாய். வட்டி மட்டும் சுமார் 23,000. மாசம் 1,200க்கு முடிய வேண்டிய விஷயம், உங்க சம்பளத்துல 3,418 ஆகி வந்து உக்காருது.

மணி மீட்டர் இல்லையே, எப்படிக் கணக்கு வைக்கிறது?

நல்ல கேள்வி. நிறைய சின்ன இன்ஜின்கள்ல மணி மீட்டர் இருக்காது. ஆனா டீசல் எத்தனை லிட்டர்ங்கிறது எல்லாருக்கும் தெரியும், பில்லும் இருக்கும். மணிக்கு 2 லிட்டர்னா 200 லிட்டர் போட்டா 100 மணி நேரம் ஓடியாச்சு. 1,200 ரூபாயை 200 லிட்டரால வகுத்தா லிட்டருக்கு 6 ரூபாய்.

அவ்வளவுதான் விதி. ஒவ்வொரு லிட்டர் டீசல் போடும்போதும் ஆறு ரூபாய் தனியா வைங்க. பத்து லிட்டர் போட்டா அறுபது. நோட்டுல லிட்டரைக் கூட்டிக்கிட்டே வாங்க. 200 ஆன அன்னைக்கு ஆயில் மாத்துங்க, காசு ஏற்கனவே டப்பாவுல இருக்கும். பாடு குறைஞ்ச வாரத்துல போட் அதிகம் போகாது, டீசலும் குறையும், எடுத்து வைக்க வேண்டிய காசும் குறையும். வருமானத்தோட சேர்ந்தே ஏறி இறங்குற இஎம்ஐ எந்த பேங்க்லயும் கிடைக்காது.

உங்க இன்ஜின் மணிக்கு எவ்வளவு குடிக்குதுன்னு தெரியலைன்னா, டேங்கை நிரப்பி, ஒரு நாள் ஓடின நேரத்தை போன்ல குறிச்சு, திரும்ப நிரப்பிப் பார்த்தா தெரிஞ்சிடும். இந்த ஒரு வேலையை ஊருக்குப் போகும்போது நீங்க கூட இருந்து செய்யலாம்.

ரெண்டு எதிர்ப்பு, ரெண்டு பதில்

"எங்க பங்குல கை வைக்கிறீங்களா?"ன்னு கூட வர்றவங்க கேப்பாங்க. கேக்கிறது நியாயம்தான். பழக்கத்துல இல்லாத ஒரு பிடித்தம். அதனால இதை ஓனர் தனியா முடிவு பண்ணக் கூடாது. நோட்டு எல்லாரும் பார்க்கிற இடத்துல இருக்கணும். டப்பா காசு ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் தவிர வேற எதுக்கும் எடுக்கக் கூடாது. டப்பாவை அம்மா கையில கொடுங்கன்னு சொல்வேன். கரையில மீன் வித்துக் காசை நிர்வாகம் பண்ற பெண்களுக்கு, எந்தக் காசு எதுக்குங்கிறதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல.

அப்புறம் ஒண்ணு. புது இன்ஜின் வாங்குறதை நான் இந்தப் பொதுச் செலவுல சேர்க்கச் சொல்லல. அது ஓனர் சொத்து, ஓனர் பங்குல இருந்துதான் வரணும். வருமான வரியிலயும் இந்தப் பிரிவினை உண்டு. 2007ல சரவணா ஸ்பின்னிங் மில்ஸ் வழக்குல உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: நடப்பு ரிப்பேர்னா இருக்கிற சொத்தைக் காப்பாத்த ஆகுற செலவு, புது சொத்தைக் கொண்டு வர்ற செலவு அதுல வராது. ஆயில் முதல் வகையை விடவும் சின்னது, தினசரி தேய்மானம். அதை எல்லாரும் சேர்ந்து சுமக்கிறது நியாயம். இன்ஜினை ஆளுங்க தலையில கட்டுறது நியாயம் இல்ல.

ரெண்டாவது எதிர்ப்பு: "ஆயில் ஒழுங்கா மாத்தியும் இன்ஜின் நின்னுடுச்சே." நடக்கும். நடுக்கடல்ல டீசல் இன்ஜின் நிக்க ஆயில் மட்டும் காரணம் இல்ல. டீசல்ல தண்ணி கலந்தது, ஃபில்டர் அடைச்சது இதெல்லாம் ரொம்ப சகஜம். அதனாலதான் டீசல் ஃபில்டரையும் இந்த ஆறு ரூபாய்க்குள்ள சேர்த்தேன். ஆயில் மாத்துறது கேரண்டி கார்டு இல்ல. டேர்ம் இன்சூரன்ஸ் எடுத்தா சாவு வராதுன்னு யாரும் சொல்றதில்லையே. ரிஸ்க்கைக் குறைக்கிறோம், அவ்வளவுதான்.

அந்த ரிஸ்க் வெறும் காசு இல்லைங்கிறதையும் சொல்லியே ஆகணும். பைக் நின்னா ஓரமா தள்ளிட்டு வரலாம். கடல்ல ஓரமே கிடையாது. காத்தும் நீரோட்டமும் இழுக்கிற பக்கம் போட் போகும். பாக் நீரிணைப் பக்கம்னா 1974ல போட்ட எல்லைக்கோடு அதே தண்ணியிலதான் இருக்கு. இன்ஜின் பழுதாகி அந்தப் பக்கம் இழுத்துட்டுப் போன போட்டுல இருக்கிறவங்களுக்கு என்ன ஆகும்னு அந்தக் கரைக் குடும்பங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. லிட்டருக்கு ஆறு ரூபாய்ங்கிறதை இதோட வச்சுப் பாருங்க.

சம்பளம் வாங்குற உங்க வேலை என்ன?

இங்கதான் நான் சொல்றது பலருக்குப் பிடிக்காது. மாசா மாசம் ஆயில் காசை உங்க சம்பளத்துல இருந்து அனுப்பாதீங்க.

கல்நெஞ்சுன்னு நினைக்காதீங்க. நீங்க 1,200 அனுப்பிக்கிட்டே இருந்தா, அந்த போட் தன் சொந்தச் செலவைத் தாங்குதா இல்லையான்னு யாருக்கும் தெரியாது. உங்க சம்பளம் போட்டோட நஷ்டத்தை மறைச்சுக்கிட்டு இருக்கும். கல்யாணம், வீட்டு வாடகை, குழந்தைன்னு வந்து ஒரு மாசம் நீங்க நிறுத்தினா ஆயிலும் நின்னுடும். தன் டீசலுக்குத் தானே சம்பாதிக்கிற போட், தன் ஆயிலுக்கும் தானே சம்பாதிக்கணும். அதுல முடியலைன்னா அந்த உண்மை சீக்கிரம் தெரியுறது எல்லாருக்கும் நல்லது.

உங்க காசு உதவுற இடங்கள் வேற. முதல்ல, ஆரம்ப இருப்பு. இப்போதைக்கு ஒரு ஆயில் மாத்தும், அடுத்ததுக்கு ஒண்ணும்னு 2,400 ரூபாய் ஒரே தடவை கொடுங்க. முடிஞ்சா ஆயில் கேனாவே வாங்கிக் கொடுங்க. லூஸ் ஆயில் வாங்காம, கையேட்டுல சொன்ன கிரேடைப் பார்த்து சீல் இருக்கிற கேன் வாங்குங்க. அந்த உறிஞ்சுற கைப்பம்ப் தேவைப்பட்டா அதையும் வாங்கிக் கொடுங்க.

அடுத்தது, கடன் விஷயம். 2018-19 பட்ஜெட்டுக்கு அப்புறம் கிசான் கிரெடிட் கார்டு மீனவர்களுக்கும் உண்டு. கடல் தொழிலுக்கான டீசல், ஐஸ், கூலி மாதிரி நடைமுறைச் செலவுக்குக் கடன் கிடைக்கும், நேரத்துக்குக் கட்டினா வட்டிச் சலுகையும் உண்டு. உங்க பர்சனல் லோனை விட எவ்வளவோ மலிவு. அப்பாவுக்கு பேங்க் படிவம் நிரப்புறது கஷ்டமா இருக்கலாம். ஒரு நாள் லீவு போட்டுக் கூட போங்க. அந்த ஒரு நாள், நீங்க அனுப்புற பத்தாயிரத்தை விடப் பெரிசு.

அப்போ அந்த 1 லட்சம் லோன்? இன்ஜின் உண்மையிலேயே போயிடுச்சு, மெக்கானிக் ரெண்டு பேர் பார்த்துட்டாங்க, வேற மலிவான கடன் வழி இல்ல, இஎம்ஐ கட்டினாலும் உங்க எமர்ஜென்சி ஃபண்ட் தப்பிக்கும்னா கொடுங்க. குடும்பத் தொழிலைத் தூக்கி நிறுத்துறது தப்பான செலவு இல்ல. ஆனா புது இன்ஜின் ஓடுற முதல் நாள்ல இருந்தே ஆறு ரூபாய் டப்பா ஆரம்பிக்கணும். அது இல்லாம கொடுக்கிற லோன், அடுத்த லோனுக்கு அட்வான்ஸ்.

அப்பாகிட்ட எப்படிச் சொல்றது? "நீங்க ஆயில் ஒழுங்கா மாத்தறதில்ல"ன்னு ஆரம்பிச்சா பேச்சு அங்கயே முடிஞ்சிடும். அவர் உங்களைப் படிக்க வச்சதே அந்த இன்ஜினை ஓட்டித்தான். "அப்பா, டீசல் போடும்போது லிட்டருக்கு ஆறு ரூபா ஆயிலுக்குன்னு எடுத்து வச்சிடலாமாப்பா? முதல் ரெண்டு தடவைக்கு நான் வாங்கித் தர்றேன்"ன்னு கேளுங்க. எந்த ஆயில், எத்தனை மணி நேரம்ங்கிறதை அவர் முடிவு பண்ணட்டும். நோட்டு மட்டும் நீங்க ஆரம்பிச்சுக் கொடுங்க.

போட் இல்லாத நண்பர்களுக்கு: உங்க பைக் சர்வீஸ், இன்வெர்ட்டர் பேட்டரி, லேப்டாப், வருஷ இன்சூரன்ஸ் பிரீமியம் எல்லாம் இதே கதைதான். பில் வருஷத்துக்கு ஒரு தடவை வருது, செலவு தினமும் ஆகுது. பெட்ரோல் போடும்போதெல்லாம் லிட்டருக்கு இவ்வளவுன்னு ஒரு தனி அக்கவுண்டுக்கு மாத்திப் பாருங்க. சர்வீஸ் பில்லைப் பார்த்து எமர்ஜென்சி ஃபண்டைத் தொடுற பழக்கம் நின்னுடும். சர்வீஸ் எமர்ஜென்சி இல்ல, அது வரும்னு முன்னாடியே தெரியும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது மூணே விஷயம். இன்ஜின் மாடல் பேரைக் கேட்டு வாங்கி, கையேட்டுல ஆயில் அளவும் மணி நேரமும் பாருங்க. உங்க ஊர் ஆயில், ஃபில்டர் விலையைப் போட்டு லிட்டருக்கு எவ்வளவுன்னு வகுத்துப் பாருங்க. அந்த எண்ணை நோட்டோட முதல் பக்கத்துல பெரிசா எழுதி ஊருக்கு அனுப்புங்க. ஆறுன்னு வரணும்னு இல்ல. நாலுன்னு வரலாம், எட்டுன்னு வரலாம். ஒரு எண் இருக்கணும், அது டீசல் கணக்குக்குப் பக்கத்துலயே இருக்கணும்.